நகல் எடுக்க யாரையும் கேட்க வேண்டாம்

லாரி ஒன்பதே முக்காலுக்கே கேட்டுக்குள்ள வந்து நின்னுடுச்சு. பழைய இரும்புச் சாமான் ஏத்துற லாரி. ஏற்கனவே ரெண்டு ஸ்கூல்ல அள்ளின உடைஞ்ச பெஞ்சு, துருப்பிடிச்ச பீரோ, வயரு தொங்குற மானிட்டருன்னு பின்னாடி குமிஞ்சு கிடந்துச்சு. அந்த லாரி வந்ததே என் லேபை அள்ளிக்கிட்டுப் போகத்தான்.

என் பேரு ஜெயசுதா. கீழப்பழுவூருக்கும் அரியலூருக்கும் நடுவுல ஒரு மேல்நிலைப் பள்ளியில கம்ப்யூட்டர் டீச்சர். நிரந்தரம் கிடையாது, பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட வேலை. எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். இதை நானே சொல்லிடறேன், அப்புறம் அடுத்தவங்க சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டாம்.

எங்க லேப்ல பதினெட்டு கம்ப்யூட்டர். எல்லாம் கிழடு தட்டினது. "உபயோகமில்லை"ன்னு எழுதி எப்பவோ ஸ்டோர் ரூம்ல அடைச்சுட்டாங்க. நான் வேலைக்கு வந்த வருஷம் திறந்து பார்க்கிறேன், சுண்ணாம்புக்கல் லாரி கிளப்புற புழுதி விரக்கடை உசரத்துக்கு மேல படிஞ்சிருக்கு. ஒவ்வொண்ணா தொடச்சேன். செத்துப்போன டிஸ்க்கையெல்லாம் கழட்டிப் போட்டேன். பெரம்பலூர்ல ஒரு கடையில அலைஞ்சு நல்லதா ஒரே ஒரு பொட்டி பிடிச்சு, அதுல இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ் போட்டு, அதைச் சர்வரா வச்சேன். பசங்க உட்கார்ற பதினெட்டுக்கும் சொந்தமா ஒண்ணும் தெரியாது. வயரு வழியா சர்வர் என்ன கொடுக்குதோ அதைக் காட்டும். சர்வர் ஓடுனா பதினெட்டும் ஓடும். சர்வர் படுத்தா பதினெட்டும் பொணம்.

கல்லுடைக்கிற வூட்டுப் புள்ளைங்க, சோளக்காட்டு வேலைக்குப் போற வூட்டுப் புள்ளைங்க, முப்பத்தாறு பேரு பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப் எடுத்துப் படிக்குதுங்க. லேப் இல்லைன்னா குரூப்பே கிடையாது. அப்புறம் அதுங்க பஸ் ஏறி டவுனுக்குப் போகணும். பாதி வூட்ல பொம்பளைப் புள்ளையை அனுப்ப மாட்டாங்க, அதோட சரி.

ஆனா மேலாபீஸ் கணக்குப்படி அந்தப் பதினெட்டும் இன்னும் "உபயோகமில்லை" பட்டியல்லதான் இருக்கு. அந்தப் பட்டியலை எடுத்துக்கிட்டுத்தான் ஆய்வு அதிகாரி சாமிதுரை சார் காலாண்டு லீவு முடிஞ்ச முதல் நாளே, அந்த லாரிக்குப் பின்னாடியே ஜீப்புல வந்து இறங்கினாரு. நல்ல மனுஷன். கறாரான மனுஷன். ஹெச்.எம். ரூம்ல வச்சுச் சொன்னாரு.

"நீங்க ஓடுதுன்னு சொல்றீங்க. சந்தோஷம். எனக்குக் கண்ணால பார்க்கணும். பன்னெண்டு மணிக்குள்ள பசங்க உட்கார்ந்து ஒரு முழு பீரியடு, நாப்பது நிமிஷம், பதினெட்டுலயும் வேலை செஞ்சு காட்டட்டும். பட்டியல்ல அடிச்சுட்டுப் போயிடறேன். இல்லைன்னா ஏத்திட வேண்டியதுதான். லாரி இன்னும் மூணு ஸ்கூலுக்குப் போகணும்மா."

"தாராளமா பார்க்கலாங்க சார்"னு சொன்னது எங்க ஹெச்.எம். சிந்தாமணி அம்மா. அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். காலைல எட்டரைக்கே வந்து சர்வரைப் போட்டுப் பார்த்துட்டேன். பட்டன் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, கட்டை விரலால அழுத்தி அமுக்கினேன். ஃபேன் சுத்துச்சு, விளக்கு எரிஞ்சுது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. டப்புனு அணைஞ்சு போச்சு. திரும்ப அமுக்கினேன். திரும்ப நாலே எண்ணிக்கை. எத்தனை தடவை போட்டாலும் நாலுக்கு மேல உயிர் நிக்கல.

ஒன்றரை மணி நேரமா வயரை மாத்திட்டேன், பிளக்கை மாத்திட்டேன், மூடியைக் கழட்டி உள்ள இருந்த மெமரியை எடுத்துத் தொடச்சுப் போட்டுட்டேன். விரலைத் தகரம் கிழிச்சு ரத்தம் வேற. பெரம்பலூர்க் கடைக்கு போன் போட்டா, "பவர் சப்ளை போயிருக்கும் மேடம், ஸ்டாக் இல்ல, திருச்சியிலேர்ந்து சாயங்காலம் வரும்"ங்கிறான். சாயங்காலம் வந்து என்னத்துக்கு? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

லேபைக் கூட்டிக்கிட்டிருந்த வீரம்மாக்கா வெளக்கமாத்தைச் சாத்தி வச்சுட்டு என் பக்கத்துல வந்து குந்தினாங்க. வீரம்மாள் எங்க ஸ்கூல்ல துப்புரவு வேலை. ஐம்பது தாண்டிடுச்சு. இந்த லேப்ல ஒரு தூசி இருக்க விடமாட்டாங்க.

"ஏன் டீச்சரம்மா, அந்தப் பெரிய பொட்டியா மக்கர் பண்ணுது? அன்னைக்குத் தர்மராஜ் சாரு அதைத்தானே பின்னாடி என்னமோ வயரு மாட்டி நோண்டிக்கிட்டிருந்தாரு?"

"என்னைக்கு?"

"பரீட்சை நடக்கையில, சனிக்கிழமை. ஹெச்.எம். அம்மாகிட்ட இருக்குற இன்னொரு சாவியை வாங்கியாந்து தனியா இருந்தாரு. மத்தியானம் வரைக்கும் இருந்தாருங்க."

எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ருன்னு ஏறுச்சு பாருங்க, சொல்ல முடியாது.

தர்மராஜ் காமர்ஸ் சார். ரிட்டயர் ஆக அஞ்சு வருஷம். எனக்கும் அவருக்கும் ஆரம்பத்துலேர்ந்தே ஆகாது. நான் லினக்ஸ் போட்ட புதுசுல ஸ்டாஃப் ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, "ஓசியில வந்தது எத்தனை நாளைக்கு ஓடும்?"னு கேட்டவரு. "ஓசி இல்ல சார், இது கட்டற்ற மென்பொருள். திறந்து பார்க்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம், அதுக்குப் பேரு சுதந்திரம்"னு நான் சொன்னா, "ஓசிக்கு இவ்ளோ பெரிய பேரா?"ம்பாரு. நானும் சும்மா விடல. எல்லாரும் இருக்கையில, "முதல்ல மவுஸைப் பிடிக்கக் கத்துக்கிட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டேன். மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஒரு தடவை சர்வர் பிளக்கைப் பிடுங்கிட்டுத் தன் போனுக்குச் சார்ஜ் போட்டுட்டாரு. அன்னைக்குப் பசங்க ரெண்டு மணி நேரமா செஞ்ச வேலை மொத்தமும் போச்சு. அதுலேர்ந்து அவரை நான் லேபுக்குள்ள விடுறதே இல்ல.

இப்ப யோசிச்சா தெரியுது. அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறமும் நாலு நாள் சர்வர் நல்லாத்தான் ஓடுச்சு. லீவு விடுற அன்னைக்கு லேப்ல சரஸ்வதி பூஜை போட்டோமே, அன்னைக்குக் காலைல வரைக்கும் ஓடுச்சு. நிதானமா இருக்குறவ இதை யோசிச்சிருப்பா. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்வாங்க. ஆத்திரக்காரிக்கு மட்டும் கூடவா இருக்கும்?

நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போனேன். சாமிதுரை சார் இருக்காரு, சிந்தாமணி அம்மா இருக்காங்க, வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட வந்த தர்மராஜ் சாரும் நிக்கிறாரு. வசதியாப் போச்சு.

"சார், சர்வர் ஓடல. ஓடல இல்ல, ஓட விடாம பண்ணிட்டாங்க. பரீட்சை நேரத்துல எனக்குத் தெரியாம லேபுக்குள்ள புகுந்து சர்வர்ல கை வச்சது இந்தாளுதான். இவருக்கு என் லேப் ஆரம்பத்துலேர்ந்தே கண்ணுல குத்துது. கேளுங்க, கை வச்சாரா இல்லையான்னு கேளுங்க!"

தர்மராஜ் சார் பேனாவைக் கீழ வச்சாரு. "கை வச்சேன். ஆனா..."

"பார்த்தீங்களா! அவரு வாயாலயே வந்துடுச்சு. திருட்டுத்தனமா பூந்து..."

"ஜெயசுதா!"ன்னாங்க சிந்தாமணி அம்மா.

"என்னங்கம்மா ஜெயசுதா? முப்பத்தாறு புள்ளைங்க படிப்பு லாரியில ஏறப்போவுது!"

சாமிதுரை சார் கையை உயர்த்தினாரு. "வாயால சொன்னா எனக்கு ஆகாதும்மா. எழுதிக் கொடுங்க. விசாரிக்கிறேன்." நான் அந்த மேஜையிலயே ஒரு தாளை இழுத்து, "உள்நோக்கத்தோட சேதப்படுத்தினார்"னு தர்மராஜ் சார் பேரைப் போட்டு எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினேன். அவரு வாங்கிப் படிச்சு, தேதி போட்டு, ஃபைல்ல வச்சுட்டாரு. மணி பத்தரை. தர்மராஜ் சார் அந்தத் தாளையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

"டீச்சர், நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேளுங்க. நான் கெடுக்கல. நகல் எடுத்தேன்."

"என்னது?"

"உங்க சர்வர் டிஸ்க் முழுசையும் இன்னொரு டிஸ்க்குல நகல் எடுத்தேன். பசங்களுக்கு நீங்க ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கையேட்டுல நாலாம் பக்கத்துல இருக்குல்ல, பாஸ்வேர்ட் இல்லாம பென் டிரைவ் வழியா எடுக்குறது, அதைப் பார்த்து. வூட்ல என் பொட்டியில போட்டு வச்சிருக்கேன். கத்துக்கலாம்னு."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

அவரு கோபப்படல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "லேப் செவுத்துல நீங்கதாங்க எழுதி ஒட்டியிருக்கீங்க. யார் வேணாலும் நகல் எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம்னு."

ஒட்டியிருக்கேன். நீல ஸ்கெட்ச்சுல, என் கையெழுத்துல, கொட்டை கொட்டையா. என் வாய் ஜென்மத்துல முதல் தடவையா அடைச்சுப் போச்சு.

சாமிதுரை சார்தான் கேட்டாரு. "அந்த நகல் இங்க ஓடுமா?"

நான் மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தேன். டிஸ்க்ல உள்ளது அப்படியே இருந்தா ஓடணும். பதினெட்டு பொட்டிக்கும் யாரு சர்வர்னு கவலையில்ல, வயருல யாராவது பதில் சொன்னா போதும். "ஓடலாம்"னேன்.

"வூடு கீழப்பழுவூர்தான். போயிட்டு வந்துடறேன்"னு தர்மராஜ் சார் பைக் சாவியை எடுத்தாரு. மூட்டு வலிக்காரரு, பொட்டியைத் தனியா தூக்கிக்கிட்டு வண்டி ஓட்ட முடியாது. நான் பின்னாடி உட்கார்றேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வீரம்மாக்கா முந்தானையைச் சொருகிக்கிட்டு, "நான் மடியில வச்சுக்கிட்டு வாரேன் சாரே, ஓட்டுங்க"ன்னு ஏறி உட்கார்ந்துட்டாங்க.

அதுக்கப்புறம் அம்பது நிமிஷம் நான் பட்ட பாடு இருக்கே. பன்னெண்டுக்குள்ள நாப்பது நிமிஷம் ஓடணும்னா பதினொண்ணு இருபதுக்குப் பசங்க உட்காரணும். பத்தே முக்கா ஆச்சு. பத்து ஐம்பத்தஞ்சு ஆச்சு. லாரியில வந்த ஆளுங்க டீ குடிச்சு முடிச்சுட்டு லேப் வாசல்லயே வந்து நின்னுட்டாங்க. ஒருத்தன் உள்ள எட்டிப் பார்த்து, "மானிட்டரை முதல்ல ஏத்துவமா, பொட்டியை முதல்ல ஏத்துவமா?"ன்னு பக்கத்துல உள்ளவன்கிட்ட கேட்கிறான். "கையை வச்சுப் பாரு"ன்னு கத்திட்டேன். முப்பத்தாறு புள்ளைங்களும் வராண்டாவுல வரிசையா உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்க்குதுங்க. அதுல தென்றல்னு ஒரு பொண்ணு. அவ அப்பா கல்குழியில கால் உடைஞ்சு வூட்டோட கிடக்கிறாரு. அவ கேட்கிறா, "மிஸ், நாங்க போட்டு வச்ச புரோக்ராமெல்லாமும் லாரியில போயிடுமா?" எனக்கு அழுகை வந்துடுச்சு. "சும்மா இருடி"ன்னு திட்டிட்டு உள்ள போயிட்டேன்.

பதினொண்ணு அஞ்சுக்கு போன். வீரம்மாக்கா. "டீச்சரம்மா, வழியில சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு அச்சு முறிஞ்சு குறுக்க நிக்கிது. முன்னாடியும் போக முடியல பின்னாடியும் போக முடியல." பின்னாலேர்ந்து ஹாரன் சத்தம் காதைக் கிழிக்குது. சிந்தாமணி அம்மா, மலைமேல முருகன் கோயில் இருக்குற செட்டிகுளத்துக்காரங்க. என் பக்கத்துல நின்னு கண்ணை மூடிக்கிட்டு, "முருகா, பொட்டி வந்து சேர்ந்தா மலைக்கு நடந்தே வரேம்ப்பா"ன்னு வேண்டிக்கிட்டாங்க. நான் வேண்டல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வேண்டுறது?

பதினொண்ணு பதினாலுக்கு பைக் சத்தம். ரோட்டை விட்டு இறங்கி சோளக்காட்டு வரப்புல ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு மனுஷன். சட்டை பூரா புழுதி. வீரம்மாக்கா பொட்டியைப் பழைய சேலையில சுத்தி, தொட்டில் புள்ளையைத் தூக்குற மாதிரி தூக்கிக்கிட்டு இறங்குறாங்க.

வச்சோம். வயரை மாட்டினோம். அமுக்கினோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. நிக்குது! என் லேப் பேரு அப்படியே திரையில வருது. ஆனா பக்கத்துல இருந்த முதல் பொட்டியைப் போட்டா, "சர்வரைக் காணோம்"ங்குது. ரெண்டாவதும் அதையேதான் சொல்லுது.

ஒரு நிமிஷத்துல புரிஞ்சு போச்சு. ஒவ்வொரு பொட்டியிலயும் நெட்வொர்க் வயரு சொருகுற இடத்துக்கு லினக்ஸ் ஒரு பேரு வைக்கும். என் சர்வர்ல ஒரு பேரு, இதுல வேற பேரு. பழைய பேரையே இது தேடிக்கிட்டிருக்கு. ஒரே ஒரு வரியை மாத்தணும். அவ்ளோதான். ஆனா மாத்துறதுக்கு என் பாஸ்வேர்ட் வேணும். அதே நேரத்துல பெஞ்சுக்கடியில வயரோட கிளிப் உடைஞ்சு நழுவி நழுவி விழுது. யாராவது கையால பிடிச்சுக்கிட்டே இருக்கணும். தர்மராஜ் சாரால குனிய முடியாது. வீரம்மாக்காவுக்கு எதைப் பிடிக்கணும்னு சொல்லிக் கொடுக்க நேரமில்ல. நான் உள்ள பூந்து வயரைப் பிடிச்சுக்கிட்டேன்.

மேலேர்ந்து தர்மராஜ் சார் குரல். "பாஸ்வேர்ட் கேட்குது டீச்சர். என்னங்க போடணும்?"

நான் பதில் சொல்லல.

"டீச்சர்? பதினொண்ணு பதினெட்டு ஆவுது."

அந்தப் பாஸ்வேர்டை நான் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. ஹெச்.எம்.கிட்டகூட. எல்லாத்தையும் திறந்து வைங்கன்னு ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு, சாவியை மட்டும் என் இடுப்புலயே சொருகி வச்சிருந்தேன். அதுகூடப் பரவால்ல. அந்த மனுஷன் பிளக்கைப் பிடுங்கின அன்னைக்கு ஆத்திரத்துல மாத்தி வச்ச பாஸ்வேர்ட் அது. சாமிதுரை சார் மேல நிக்கிறாரு. லாரிக்காரன் நிக்கிறான். புள்ளைங்க ஜன்னல்ல நிக்குதுங்க. பெஞ்சுக்கடியில ஒரு குழி இருந்தா அதுக்குள்ளேயே போயிருப்பேன்.

"தர்மராஜ் தொடாதே"ன்னேன்.

"நான் தொடாம எப்படிங்க அடிக்கிறது?"

"அது... அதுதாங்க சார் பாஸ்வேர்ட். தர்மராஜ் தொடாதே. இங்கிலீஷ் எழுத்துல, சேர்த்து."

எவனோ ஒருத்தன் வாசல்ல களுக்குன்னு சிரிச்சான். அப்புறம் ரெண்டு விரலால ஒவ்வொரு எழுத்தா தட்டுற சத்தம் கேட்டுச்சு. நிதானமா, தன் பேரைத் தானே அடிச்சாரு. "உள்ள போயிடுச்சு. சொல்லுங்க"ன்னாரு. எந்த வரி, எந்தப் பேரை அழிக்கணும், எதைப் போடணும்னு நான் கீழேர்ந்து சொல்லச் சொல்ல அவரு அடிச்சாரு. ஒரு தப்பும் பண்ணல. வூட்ல உட்கார்ந்து எத்தனை ராத்திரி அடிச்சுப் பழகினாரோ.

பதினொண்ணு இருபதுக்கு முதல் பொட்டி கண்ணைத் திறந்துச்சு. அப்புறம் அடுத்தது. அப்புறம் வரிசையா. புள்ளைங்க ஓடி வந்து பொட்டிக்கு ரெண்டு பேரா உட்கார்ந்துதுங்க. தென்றல் தன் புரோக்ராமைத் திறந்து பார்த்துட்டு, "இருக்கு மிஸ்! சனிக்கிழமை வரைக்கும் போட்டது இருக்கு!"ன்னு கத்துறா. சாமிதுரை சார் ஒவ்வொரு பொட்டியா நின்னு பார்த்தாரு. ஒரு பையனைத் தமிழ்ல கடுதாசி அடிக்கச் சொன்னாரு. ஒரு பொண்ணைக் கணக்கு அட்டவணை போடச் சொன்னாரு. நாப்பது நிமிஷமும் நான் பெஞ்சுக்கடியில வயரைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன், எறும்பு கடிக்குது, அசையல. பன்னெண்டு மணிக்கு அவரு பட்டியல்ல பதினெட்டு வரியையும் குறுக்க அடிச்சாரு. லாரி எங்க ஸ்கூல்லேர்ந்து ஒண்ணும் ஏத்தாமத் திரும்பிப் போச்சு. புள்ளைங்க கை தட்டுன தட்டுல லேப் அதிர்ந்துச்சு.

நான் எழுந்து சேலையை உதறிட்டு, தர்மராஜ் சாரைத் தேடுறேன், காணோம். பக்கத்து ஸ்டோர் ரூம்ல தூக்கிப் போட்டிருந்த என் பழைய சர்வர் முன்னாடி குந்தியிருந்தாரு. கையில வீரம்மாக்காவோட ஊக்கு. என்னைப் பார்த்ததும் சட்டுனு கையைப் பின்னாடி இழுத்துக்கிட்டாரு.

"பவர் சப்ளைதாங்க டீச்சர் போயிருக்கு. பழசுதானே. விடுங்க."

அவரு பெருவிரல் நகத்துல மஞ்சளா ஒட்டியிருந்துச்சு. தரையிலயும் மஞ்சளாப் பொடி. நான் குனிஞ்சு ஒரு துணுக்கை எடுத்து மோந்து பார்த்தேன். சந்தனம்.

எனக்கு அப்பவே எல்லாம் விளங்கிடுச்சு. லீவு விடுற அன்னைக்குப் பூஜை. பதினெட்டு பொட்டிக்கும் புள்ளைங்க பொட்டு வச்சுதுங்க. சர்வருக்கு மட்டும் நான்தான் வைப்பேன்னு நின்னு, நல்லா கெட்டியா குழைச்சு, அந்த வட்டப் பட்டன்தான் நெத்தி மாதிரி இருக்குன்னு அது மேலேயே அப்பி, நடுவுல குங்குமமும் வச்சது நான். பத்து நாள் லீவுல அது பட்டனைச் சுத்தி கல்லா இறுகிப் போச்சு. காலைல பொட்டை மட்டும் துணியால தொடச்சுட்டு அழுத்தி அமுக்கினேனே, அமுக்கின ஒவ்வொரு தடவையும் பட்டன் உள்ள போயி சட்டுனு வெளிய வராம மாட்டிக்கிச்சு. பட்டனை நாலு நொடி விடாம அமுக்கினா பொட்டி அணைஞ்சுடும்னு பசங்களுக்குப் பாடம் நடத்துறவளே நான்தான். நான் பட்டனை அமுக்கினபடியே வச்சு அதை ஒன்றரை மணி நேரம் கொன்னிருக்கேன்.

பிளக்கை மாட்டி அமுக்கினேன். நாலு தாண்டி, பத்து தாண்டி, நின்னு ஓடுச்சு. நான் அவரைப் பார்த்தேன். அவரு ஜன்னல் பக்கம் பார்த்தாரு.

"ஏன் சார் பவர் சப்ளைன்னு சொன்னீங்க?"

"சந்தனம்னு சொன்னா உங்களுக்குத்தானேங்க கஷ்டம்."

அட, என் நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன். இதுக்கு நான் என்ன பண்றது?

ஜீப் ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டுச்சு. ஃபைல் அதுல இருக்கு. ஃபைல்ல என் தாள் இருக்கு. நான் சும்மா இருந்தா யாருக்கும் தெரியப்போறதில்ல, அவரும் சொல்ல மாட்டாரு. ஆனா அந்தத் தாள் போனா விசாரணை வரும், ரிட்டயர் ஆக அஞ்சு வருஷம் இருக்கையில அவரு பேருல. ஓடினேன். செருப்பு ஒண்ணு வராண்டாவுலயே கழண்டு விழுந்துடுச்சு.

"சார், அந்தப் புகாரைத் திருப்பிக் கொடுங்க. தப்பா எழுதிட்டேன்."

"தேதி போட்டு வாங்கியாச்சேம்மா. சும்மா கிழிக்க முடியாது. வேணும்னா என்ன நடந்துச்சுன்னு இன்னொன்னு எழுதிக் கொடுங்க, இதை முடிச்சுடறேன்."

ஜீப் பானட்டு மேல வச்சு எழுதினேன். சர்வரை முடக்கியது நான் வைத்த சந்தனம். தர்மராஜ் அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் எடுத்து வைத்த நகலால்தான் லேப் இன்று ஓடியது. சாமிதுரை சார் படிச்சுட்டு அதுக்கும் தேதி போட்டாரு.

"நல்லதும்மா. ஆனா இதையும் நான் எழுதணும்ல? கவனக்குறைவு, சக ஆசிரியர் மேல ஆதாரமில்லாத புகார். இனி லேப் பொறுப்பு உங்ககிட்ட இருக்க முடியாது. பாடம் நடத்தலாம். சாவி நிரந்தர ஆசிரியர் ஒருத்தர்கிட்ட இருக்கட்டும்." சிந்தாமணி அம்மா பக்கம் திரும்பி, "தர்மராஜ் சார் பார்த்துக்குவாரா?"ன்னாரு.

புழுதியைத் தொடச்சு நான் எழுப்பின லேப். இடுப்புலேர்ந்து சாவியை எடுத்து, என் பின்னாடியே வந்து நின்ன தர்மராஜ் சார் கையில கொடுத்தேன். அழுதேன், மறைக்கல. எல்லாரும் நிக்கையிலதானே திருட்டுத்தனம்னு சொன்னேன், எல்லாரும் நிக்கையிலேயே, "என்னை மன்னிச்சுடுங்க சார்"னும் சொன்னேன். அவரு "சரி சரி, போய் சாப்பிடுங்க"ன்னாரு. அவ்ளோதான்.

மறுநாள் முதல் பீரியடு எனக்குத்தான். லேப் வாசல்ல புள்ளைங்களோட புள்ளையா நான் காத்துக்கிட்டு நின்னேன். தர்மராஜ் சார் வந்து பூட்டைத் திறந்தாரு. சர்வர் பழைய இடத்துல நிக்கிது. பக்கத்துல அவரு வூட்டுப் பொட்டியும் நிக்கிது, ஒண்ணு படுத்தா இன்னொன்னு எழுந்திரிக்கட்டும்னு. பட்டன் மேல பொட்டு இல்ல, பொட்டியோட தலையில சின்னதா ஒண்ணு வச்சிருந்தாரு.

"பாஸ்வேர்டை மாத்திட்டேன் டீச்சர். பழசுல என் பேரு இருந்துச்சுல்ல, நல்லாயில்ல. ஹெச்.எம். அம்மாகிட்டயும் ஒரு கவர்ல எழுதிக் கொடுத்துட்டேன்"னு நாலா மடிச்ச ஒரு துண்டுத் தாளை நீட்டினாரு. நான் வாங்கிக்கிட்டுப் போய் சர்வர் முன்னாடி உட்கார்ந்து பிரிச்சேன். இங்கிலீஷ் எழுத்துல, சேர்த்து எழுதியிருந்தாரு.

ஜெயசுதா தொடலாம்.

எனக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிஞ்சுது. ரெண்டு விரலால, ஒவ்வொரு எழுத்தாத்தான் அடிச்சு முடிச்சேன்.